ராசுவுக்குக் கீமோ கொடுப்பதா, விடுவதா? 11 வயதுப் பூனை, குடலில் புற்று என்று சந்தேகம்

தோட்டத்து மகள்
திங்கள், இரவு 10.40

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போவதோடு சரி. இன்று கேட்டே ஆகவேண்டிய நிலை.

ராசு எங்கள் வீட்டுப் பூனை. ஆண், 11 வயது. ஆரஞ்சு நிறப் பூனை என்றால் இங்கே எல்லாரும் ஓயேன் என்றுதான் கூப்பிடுவார்கள். ராசு என்று பெயர் வைத்தது அம்மா. தோட்டத்தில் இருந்த காலத்தில், செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைகளை அடுக்கிவைக்கும் மேட்டில் கண் திறக்காத குட்டியாகக் கிடந்தவனை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தார். லயத்து வரிசை வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தபோது முதலில் வண்டியில் ஏறியதும் அவன்தான். அம்மா போய் 3 வருடம் ஆகிறது.

நான்கு மாதத்துக்கு முன் 5.2 கிலோ இருந்தான். இப்போது 3.6. முதலில் வாரத்துக்கு ஒரு வாந்தி. முடியை விழுங்கியிருப்பான் என்று விட்டுவிட்டோம். அப்புறம் வாரத்துக்கு மூன்று தடவை, கூடவே வயிற்றுப்போக்கு. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டான், பிறகு பழைய கதை. மறுபடியும் ஊசி, மறுபடியும் அதே. மூன்றாம் முறை மனம் ஒப்பவில்லை. போன சனிக்கிழமை ஈப்போவுக்குக் கொண்டுபோனோம்.

அங்கே டாக்டர் இரத்தம் எடுத்தார், வயிற்றை ஸ்கேன் செய்தார். சிறுகுடலின் சுவர் தடித்திருக்கிறது, பக்கத்தில் ஒரு நிணநீர்க் கணு வீங்கியிருக்கிறது. நாள்பட்ட குடல் அழற்சியாக இருக்கலாம், லிம்போமா என்ற புற்றாகவும் இருக்கலாம் என்றார். உறுதியாகத் தெரியவேண்டுமென்றால் வயிற்றைத் திறந்து குடலில் சின்னத் துண்டு எடுத்து அனுப்பவேண்டும். புற்று என்று வந்தால் கீமோ. அறுவைக்கும் பரிசோதனைக்கும் சேர்த்து 2,800 வெள்ளி (ரிங்கிட்). மருந்துச் செலவு தனி.

வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். நான் பாலர் பள்ளியில் உதவியாளர். மகளுக்கு இந்த வருடம் எஸ்.பி.எம்., பள்ளி இறுதித் தேர்வு. கையில் 4,000 சொச்சம் இருக்கிறது, கூரை மாற்றுவதற்காகச் சேர்த்தது. ஆனால் பணத்தைவிடப் பெரிய சங்கடம் அப்பா. 'கீமோ' என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து காரில் ஒரு பேச்சு இல்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "உங்கம்மாவுக்குப் பண்ணினது போதும். இவனுக்கு வேண்டாம்."

அம்மாவுக்கு மார்பகப் புற்று. ஒவ்வொரு தடவையும் அப்பாதான் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். வாந்திக்கு வாளி பிடித்தவர் அவர். முடி கொட்டியபோது கூட்டி எடுத்தவரும் அவர்.

பூனைக்குக் கீமோ கொடுத்தவர்கள் இருந்தால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆறுதலுக்காக எதுவும் சொல்ல வேண்டாம்.

தைப்பிங் மழை
திங்கள், இரவு 11.15

அக்கா, முதலில் ஒரு கேள்வி. அந்தப் பக்கத்து கிளினிக்கில் போட்டது என்ன ஊசி? ஸ்டீராய்டாக இருந்தால் ஈப்போ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு வாரம் பசி வந்து அப்புறம் போயிற்று என்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. லிம்போமா செல்களை ஸ்டீராய்டு கொஞ்ச நாள் அடக்கிவைக்கும். அந்தச் சமயத்தில் துண்டு எடுத்தால் முடிவு குழப்பமாக வரலாம். எங்கள் பூனைக்கு இதே மாதிரி நடந்தது, அதனால்தான் தெரியும்.

பூனை லுகேமியா வைரஸ், பூனை எய்ட்ஸ் வைரஸ் இரண்டுக்கும் சோதனை செய்துவிட்டார்களா? சில சொட்டு இரத்தம் போதும், கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிளினிக் அக்கா
செவ்வாய், காலை 6.50

நான் டாக்டர் இல்லை. ஈப்போ பக்கம் ஒரு மிருக கிளினிக்கில் 18 வருடம் உதவியாளராக இருந்தவள். கையால் பிடித்துப் பார்த்ததையும், டாக்டர்கள் சொல்லிக் கேட்டதையும் சொல்கிறேன்.

தங்கச்சி, "பூனைக்குப் புற்று, கீமோ கொடுக்கலாமா" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்தப் புற்று என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூனைகளுக்கு அதிகம் வருவது லிம்போமா. குடலில் வருவதிலேயே இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஒன்று சிறு செல் வகை. மெதுவாக வளரும். வயதான பூனைகளுக்கு வரும், ராசு மாதிரியே மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டு வரும். இதற்கு வீட்டிலேயே மாத்திரைதான்: பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, கூடவே குளோராம்புசில். பெரும்பாலான பூனைகள் இதற்கு நன்றாக இசைகின்றன. நடுவளவு ஆயுள், அதாவது பாதிப் பூனைகள் தாண்டும் காலம், ஏறத்தாழ 2 வருடம் என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. அதையும் தாண்டி இருந்த பூனைகளை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று பெரு செல் வகை. வேகமானது. அதற்கு ஊசி மருந்து, முதல் சில வாரம் வாராவாரம் போகவேண்டும். வின்கிறிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். பலன் கிடைக்கும் பூனைகளுக்கும் பெரும்பாலும் சில மாதங்கள்தான். முழுதாக அடங்கிவிடும் சில பூனைகள் ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். மனிதனுக்குக் கீமோ கொடுக்கும்போது நோயை வேரோடு அழிக்கவேண்டும் என்று மருந்தை உடம்பு தாங்கும் எல்லைவரை கொண்டுபோவார்கள். மிருகத்துக்கு அப்படி இல்லை. அதற்கு எதற்காக வலிக்கிறது என்று புரியவைக்க முடியாதே. இருக்கும் நாளை நன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் குறி, மருந்தின் அளவும் அதற்கு ஏற்றாற்போலத்தான். பூனைக்கு உடம்பு முடி பொதுவாகக் கொட்டாது, மீசை முடி உதிரலாம். வாந்தி, பசியின்மை சில பூனைக்கு வரும், அதற்கு மருந்து உண்டு. வெள்ளணு குறைகிறதா என்று அவ்வப்போது இரத்தம் பார்ப்பார்கள், குறைந்தால் மருந்தை நிறுத்திவைப்பார்கள்.

இன்னொரு விஷயம், இது அவசரம். ராசு இரண்டு நாளைக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும். புற்றுக்கு முன்னால் அதுவே கொண்டுபோய்விடும்.

மூன்றாம் லயம்
செவ்வாய், பகல் 1.20

பீடோரிலிருந்து எழுதுகிறேன். மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டுக் கறுப்பிக்குப் பெரு செல் வகை. 8 வயது. ஊசி கீமோ ஒத்துக்கொண்டோம். முதலில் வாராவாரம் கோலாலம்பூர் போய்வந்தோம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், அங்கே காத்திருக்கும் நேரம் தனி. மருந்து அவளை வாட்டவில்லை, அது உண்மை. ஊசி போட்ட மறுநாள் கொஞ்சம் சோர்ந்து படுப்பாள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூடை! அலமாரி மேலிருந்து அதை எடுக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். நெடுஞ்சாலை முழுக்கக் கத்திக்கொண்டு வருவாள், கூடையிலேயே சிறுநீர் போய்விடும். மொத்தம் ஒன்பது பயணம். ஐந்தாம் மாதம் மருந்து கேட்கவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் நல்ல நாள்கள் இருந்தன, மறுக்கமாட்டேன். வாசலில் பல்லி பிடித்தாள். ஆனால் கடைசி மூன்று பயணம் அவளுக்காகப் போகவில்லை. விட்டுவிட்டோம் என்று ஆகிவிடக்கூடாதே என்று எனக்காகப் போனேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

திரும்ப அந்த நாள் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஓரிரு மாதம்தான் கிடைத்திருக்கும். அது அவள் வீட்டில் கிடைத்திருக்கும்.

தைப்பிங் மழை
செவ்வாய், பகல் 1.48

அண்ணே, இதை எழுதியதற்கு நன்றி.

செம்பனைக்காரன்
செவ்வாய், இரவு 8.05

நான் பணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். எங்கள் வீட்டிலும் நான்கு பூனை இருக்கிறது. இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. தோட்டத்தில் வேலை செய்யும் பல வீடுகளில் வருவது அதுதான், அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. 2,800 வெள்ளி என்பது ஒரு மாதச் சம்பளத்தைவிட ஆயிரத்து நூறு அதிகம். கூரை ஒழுகினால் அந்த வீட்டில்தான் பிள்ளை படிக்கவேண்டும், அந்த வீட்டில்தான் பூனையும் படுக்கவேண்டும்.

செய்யாதே என்று சொல்லவில்லை தங்கச்சி. போகும் முன்னாலேயே ஒரு தொகையை நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து முடிவு பண்ணி ஒரு தாளில் எழுதி வை. டாக்டரிடம் அந்தத் தொகையை நேராகச் சொல்லு: "எங்களால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் இவனுக்கு எது நல்லது?" வெட்கப்படாதே. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை, பூனைக்காகக் கடன் அட்டையில் வாங்கி, பூனை போய் ஒரு வருடம் கழித்தும் கட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துக்கத்துக்கு மாதாமாதம் பில் வந்தது.

மணிமாலை
செவ்வாய், இரவு 8.40

உயிரைக் காசில் அளக்கக்கூடாது அங்கிள். பெற்ற பிள்ளையாக இருந்தால் தொகை எழுதிவைப்போமா?

செம்பனைக்காரன்
செவ்வாய், இரவு 9.10

பிள்ளைக்கு அரசாங்க மருத்துவமனை இருக்கிறதம்மா. பூனைக்கு எல்லாமே கைக்காசு. நான் உயிரை அளக்கவில்லை, கையில் இருப்பதை எண்ணச் சொல்கிறேன். எண்ணாமல் தொடங்கிப் பாதியில் நிறுத்துவதுதான் அந்த ஜீவனுக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

வெள்ளைக் காது
புதன், காலை 9.30

புற்று என்றதும் எல்லாரும் ஒரே முடிவுக்குப் போகிறார்கள், அதனால் என் கதை. எங்கள் பூனை முழு வெள்ளை. தகரக் கூரைமேல் நாள் முழுக்க வெயில் காயும். காது நுனியில் ஆறாத பொருக்கு, சண்டைக் காயம் என்று நினைத்தோம். வெயிலால் வரும் தோல் புற்று என்றார்கள். காது மடலை வெட்டி எடுத்தார்கள். 6 வருடம் ஆகிறது, இன்றும் கறிக்கடை வாசலில்தான் குடித்தனம். வெள்ளைப் பூனை வைத்திருப்பவர்கள் காதையும் மூக்கையும் அடிக்கடி பாருங்கள்.

ராசுவுக்கு இது பொருந்தாது என்று தெரியும். சொல்லவேண்டும் என்று தோன்றியது.

பச்சை இலை
புதன், காலை 10.15

டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலையைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, சிரிஞ்சில் எடுத்து வாயில் விடுங்கள் அக்கா. எங்கள் மாமாவுக்குப் புற்றுக் கட்டி சுருங்கியது என்று சொன்னார்கள். பப்பாளி இலைச் சாறும் நல்லது.

கிளினிக் அக்கா
புதன், காலை 10.50

நல்ல மனதோடு சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் தயவுசெய்து வேண்டாம். அந்த இலை பூனையின் புற்றைக் குணமாக்கும் என்று யாரும் காட்டியதில்லை. பூனையின் கல்லீரல் மனிதக் கல்லீரல் மாதிரி வேலை செய்யாது, நமக்குச் சாதாரணமான பல பொருள் அதற்கு விஷம். கசப்பை வாயில் ஊற்றினால் நுரை நுரையாக எச்சில் வடியும். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே ஓடும். இளைத்துக்கொண்டிருக்கும் பூனைக்கு இருக்கும் கொஞ்ச நஞ்சப் பசியையும் கெடுத்துவிடுவோம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூனைக்குப் பனடோல் (பாராசிட்டமால்) கொடுக்கவே கூடாது. கால் மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு சாம்பல் நிறத்துக்கு மாறும். "வலியில் துடித்தது, பாவம், பாதி கொடுத்தேன்" என்று தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறும் வேண்டாம்.

பச்சை இலை
புதன், காலை 11.05

தெரியாமல் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும் அக்கா. பனடோல் விஷயம் எங்கள் வீட்டிலும் சொல்லிவைக்கிறேன்.

தோட்டத்து மகள்
வெள்ளி, இரவு 11.30

எல்லாருடைய பதிலையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். பக்கத்து கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டேன், இரண்டு ஊசியும் ஸ்டீராய்டுதான். நீண்ட நாள் வேலை செய்யும் வகையாம். தைப்பிங் தம்பி சொல்லியிருக்காவிட்டால் கேட்டிருக்கவே மாட்டேன். வைரஸ் சோதனை இரண்டும் இல்லை என்று வந்தது.

கிளினிக் அக்கா எழுதியதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "மருந்தின் அளவும் அதற்கு ஏற்றாற்போலத்தான்" என்ற இடத்தில் மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். இன்று ஈப்போவுக்கு வருகிறேன் என்று அவரே சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

செம்பனைக்கார அண்ணன் சொன்னபடி தொகையைச் சொன்னேன்: மொத்தமாக 2,000. இரண்டு இரவு பேசி வீட்டுக்காரரும் நானும் எழுதிவைத்தது. டாக்டர் முகம் சுளிக்கவில்லை. அறுவையை ஒதுக்கிவைத்து, முதலில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே அந்தக் கணுவில் மெல்லிய ஊசி விட்டு செல் எடுக்கலாம் என்றார். பெரு செல் வகையாக இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடுமாம். சிறு செல் வகை என்றால் அழற்சியா, புற்றா என்று அதில் பிரிக்க முடியாது. ஆனால் வேகமான நோயா, மெதுவான நோயா என்பதற்கு ஒரு விடை கிடைக்கும்.

இன்னொரு செய்தி: இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்திருக்கிறது. அந்த நிலையில் குடலை வெட்டித் தைத்தால் தையல் ஆறாமல் கசியும் ஆபத்து அதிகம் என்று அவரே சொன்னார். வைட்டமின் பி12-உம் மிகவும் கீழே. அதற்கு இன்றே ஊசி போட்டுவிட்டார், வாரத்துக்கு ஒன்று போடவேண்டும். அதை வீட்டிலேயே போட எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அப்பா டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டார். "வாந்தி வருமா டாக்டர்?"

வரலாம், வந்தால் மருந்து இருக்கிறது, அதற்கும் நிற்காவிட்டால் நிறுத்திவிடுவோம் என்றார். நிறுத்தலாம் என்பது அப்பாவுக்குப் புதிய செய்தி. அம்மாவுக்கு நிறுத்தச் சொல்லி யாரிடமும் கேட்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

தைப்பிங் மழை
வெள்ளி, இரவு 11.52

கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத வரவில்லை அக்கா.

கிரியான் ஆறு
சனி, காலை 7.15

இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. நம் ஆட்கள் பலர், ஊசி போட்டுத் தூங்கவைப்பது பாவம் என்று கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் பாட்டியும் அப்படித்தான் சொல்வார், அதன் கர்மத்தை அதுதான் கழிக்கவேண்டும் என்று. உங்கள் வீட்டில் இதைப் பேசினீர்களா?

மூன்றாம் லயம்
சனி, காலை 8.30

நாங்கள் பேசவில்லை, அதனால் நேரம் தவறிவிட்டது. கறுப்பி கடைசி இரண்டு நாள் மூச்சுக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் எல்லாம் பூட்டியிருந்தது. எங்கள் கோயில் ஐயாவிடம் அப்புறம் போய்க் கேட்டேன். "வலியைத் தீர்க்கணும்னு நினைச்சுச் செய்யறதும் கொல்லணும்னு செய்யறதும் ஒண்ணா?" என்று திருப்பிக் கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எது நடந்தால் நிறுத்துவோம் என்பதைப் பூனை நன்றாக இருக்கும்போதே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது.

கிளினிக் அக்கா
சனி, காலை 9.00

அதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வகுத்தது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அவர் கணக்கு. மூச்சுத் திணறலையும் வலியில்தான் சேர்த்திருக்கிறார், அது முதலில் பார்க்கவேண்டியது.

ராசுவுக்கு என்று சொந்தமாக ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் தினமும் ஆசையாகச் செய்யும் ஒரு காரியம் எது? அது நின்றால் கவனியுங்கள்.

தோட்டத்து மகள்
அடுத்த வியாழன், இரவு 9.45

ஊசிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பெரு செல்கள் இல்லை. சிறு நிணநீர்ச் செல்கள் மட்டும். ஆக, ஒன்று குடல் அழற்சி, அல்லது மெதுவான லிம்போமா. ஸ்கேனில் தெரிவதையும் கணு வீங்கியிருப்பதையும் வைத்து லிம்போமா பக்கமே சாய்கிறேன் என்கிறார் டாக்டர்.

மூன்று வழி சொன்னார். அல்புமின் ஏறும்வரை காத்திருந்து அறுவை. இல்லையென்றால் செர்டாங்கில் உள்ள யூ.பி.எம். பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக் கடிதம். அதுவும் இல்லையென்றால், முடிவு உறுதியாகாமலேயே உணவை மாற்றி, பி12 போட்டு, பிரெட்னிசோலோன் தொடங்கி, சில வாரத்தில் எடை ஏறாவிட்டால் குளோராம்புசில் சேர்ப்பது.

நான் மூன்றாவதை நினைக்கிறேன். கிளினிக் அக்கா என்ன சொல்வீர்கள்?

கிளினிக் அக்கா
வியாழன், இரவு 10.30

ஆறுதல் வேண்டாம் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள், அதனால் நேராகச் சொல்கிறேன். துண்டு எடுத்துப் பார்க்காமல் குளோராம்புசில் கொடுப்பது எனக்கு உவப்பில்லை. அழற்சி மட்டும் என்றால் தேவையில்லாமல் ஒரு புற்று மருந்தைக் கொடுக்கிறோம். ஸ்டீராய்டை நெடுநாள் கொடுத்தால் சில பூனைக்குச் சர்க்கரை நோய் வரும், அதுவும் இருக்கிறது.

ஆனால் 3.6 கிலோ, அல்புமின் குறைவு, 11 வயது. எங்கள் கிளினிக்கிலேயே இப்படிப்பட்ட பூனையைத் திறந்து, நான்காம் நாள் தையல் விட்டுப்போய் இழந்திருக்கிறோம். அந்தப் பூனையைக் கையில் வாங்கிப் போன பையனின் முகம் இன்னும் மறக்கவில்லை. ராசு என் பூனையாக இருந்தால் நானும் இப்போது திறக்கமாட்டேன். தெரியாமல் எடுக்கும் முடிவு என்று தெரிந்தே எடுங்கள், அவ்வளவுதான்.

மாத்திரை தொடங்கினால்: குளோராம்புசிலை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும், பிள்ளைகள் கை படாத இடத்தில், சாப்பாட்டுப் பொருள்களோடு சேர்த்து வைக்காமல் தனி டப்பாவில். கையுறை போட்டுத்தான் தொடவேண்டும். மணல் தட்டை அள்ளும்போதும் கையுறை. கர்ப்பிணிகள் இரண்டின் பக்கமும் போகவேண்டாம். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லித்தான் குறைக்கவேண்டும்.

செம்பனைக்காரன்
வியாழன், இரவு 10.55

இதுவரை எவ்வளவு ஆயிற்று தங்கச்சி?

தோட்டத்து மகள்
வியாழன், இரவு 11.10

ஸ்கேன், இரத்தம், ஊசிப் பரிசோதனை, பி12 எல்லாம் சேர்த்து 1,040 அண்ணே. மீதி 960 இருக்கிறது. மாத்திரையும் அடுத்தடுத்த இரத்தப் பரிசோதனையும் அதற்குள் நான்கு மாதம் வரும் என்று டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அதற்குள் தெரிந்துவிடும் என்றார்.

செம்பனைக்காரன்
வியாழன், இரவு 11.14

சரி. கூரைக்குத் தகரம் பார்க்கும்போது சொல்லு. என் மச்சான் அந்த வேலைதான் செய்கிறான், கூலியில் குறைக்கச் சொல்கிறேன்.

தோட்டத்து மகள்
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.20

பலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள், எழுதத் தாமதமாகிவிட்டது.

பிரெட்னிசோலோன் தொடங்கி வாந்தி குறைந்தது. ஆனால் மூன்று வாரத்தில் எடை 50 கிராம்கூட ஏறவில்லை. குளோராம்புசில் சேர்த்து இன்றோடு நான்கு வாரம். திங்கள், புதன், வெள்ளி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டாவது வாரம் இரண்டு நாள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனான். பசியைத் தூண்டும் மிர்டசபின் கொடுத்தோம், அன்று இரவே தட்டை நக்கினான். வெள்ளணு கொஞ்சம் இறங்கியது, ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினோம். மீசையில் இடதுபக்கம் மூன்று முடி உதிர்ந்தது. மகள் அதை எடுத்துத் தன் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

நேற்று எடை 3.95 கிலோ.

கிளினிக் அக்கா சொன்ன மதிப்பெண்ணை அப்பா தினமும் போடுகிறார். நாட்காட்டியில் நல்ல நேரம், இராகு காலம் எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு எண். தோட்டத்தில் ரப்பர் பால் எடை எழுதிப் பழகியவர், ஒரு நாளும் தவறவில்லை. ஆகக் குறைந்தது 38. நேற்று 57. எட்டாவது கேள்வியை அவரே சேர்த்துக்கொண்டார்: காலையில் அவர் கோப்பி ஆற்றும் சத்தம் கேட்டு ராசு சமையலறைப் படிக்கு வந்து உட்காருகிறானா. அம்மா இருந்த காலத்திலிருந்து அது அவனுடைய இடம். ஆறு நாள் தொடர்ந்து வராவிட்டால் டாக்டரிடம் போய்ப் பேசவேண்டும் என்று தாளில் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறோம்.

மாத்திரை கொடுப்பதும் அப்பாதான். எனக்குக் கை நடுங்குகிறது. "நீ பிடி, நான் போடறேன்" என்று சொல்லிவிட்டார்.

கிரியான் ஆறு
ஞாயிறு, மாலை 7.05

எப்படிக் கொடுக்கிறார்? எங்கள் பூனை மாத்திரையைத் துப்பிவிட்டு மீனை மட்டும் தின்றுவிடுகிறது.

தோட்டத்து மகள்
ஞாயிறு, மாலை 7.30

முதலில் மாத்திரை இல்லாமல் ஒரு துண்டு கெம்போங் மீன், அவித்தது, உப்பில்லாமல். இரண்டாவது துண்டுக்குள் மாத்திரையை முழுதாக வைத்து, விரலால் அமுக்கி மூடிக் கொடுப்பார். அவன் அதை வாயில் வாங்கியதுமே மூன்றாவது துண்டை மூக்குக்கு நேரே காட்டுவார். அதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவது இறங்கிவிடும். அப்புறம் கையுறையைக் கழற்றிப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வருவார். மூன்றாவது துண்டைக் கடைசிவரை காட்டிக்கொண்டே இருக்கவேண்டும், முன்னாலேயே கொடுத்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம் என்கிறார்.

நாளைக்குத் திங்கள். மீன் வாங்கி வைத்துவிட்டேன்.